பெட்டியில் இல்லாத பாகம்

லோரியிலிருந்து இறக்கியது ஒரு இயந்திரமும் மூன்று பெரிய பிஸ்கட் டின்களும். டின்களில் பிஸ்கட் இல்லை, இரும்பு இருந்தது. வளையம், தட்டு, திருகு, கம்பி, என்னவென்றே தெரியாத வார்ப்புத் துண்டுகள். எண்ணிப் பார்த்தேன், 57.

"எதெது எதற்கு?" என்று விற்றவரிடம் கேட்டேன். பழைய சாமான் கடை வைத்திருக்கும் பெரியவர். டின்னைத் தட்டிக் காட்டி, "செமுவா அடா" என்றார். எல்லாம் இருக்கிறதாம். 1,600 ரிங்கிட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா வாசலிலேயே நின்றார். "இந்தப் பழைய இரும்புக்கா இவ்வளவு காசு?" அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இயந்திரத்தை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு உள்ளே போய்த் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா 31 வருடம் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அப்பா அந்த ரப்பர் மரத்தில் நாற்காலி செய்தார். ஒரு காலத்தில் பால் வற்றிய ரப்பர் மரத்தை விறகாகத்தான் எரிப்பார்கள். 1980களில் அது ஏற்றுமதி நாற்காலியாகவும் மேசையாகவும் மாறியபோது வேலைக்குச் சேர்ந்த தலைமுறை அவருடையது. ஆனால் வீட்டில் ஓர் உளியைக்கூட என் கையில் கொடுத்ததில்லை. பள்ளியில் படிக்கும்போது தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்திருக்கிறேன். "அது பொண்ணுங்க வர்ற இடம் இல்ல" என்று முடித்துவிடுவார். அதே மனிதர் நான் பொறியியல் படிக்கச் சம்பளக் கடன் வாங்கினார். அந்த முரண் எனக்கு வெகுநாள் புரியவில்லை.

இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுவதும் மற்றவர்கள் செய்ததைச் சரிபார்க்கும் வேலை. என் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையில்தான் இதை வாங்கினேன்.

வாங்கியது ஷாப்ஸ்மித் மார்க் 5 என்ற அமெரிக்க இயந்திரம். இங்கே வேலை பார்த்த ஒரு வெளிநாட்டவர் கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது விட்டுப்போனதாம். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவாக்கிய யோசனை இது. வீட்டில் இடம் குறைவு, பணமும் குறைவு. ஐந்து இயந்திரத்துக்கு ஐந்து மோட்டார் எதற்கு? இரண்டு நீளக் குழாய்கள்மேல் ஒரே ஒரு மோட்டார்த் தலையை வைத்தார். அதன் தண்டில் பல்சக்கரத்தை மாட்டினால் 10 அங்குல ரம்பம். எதிரில் ஒரு தாங்கியை வைத்து நடுவில் கட்டையைப் பிடித்தால் கடைசல் இயந்திரம். 12 அங்குலத் தட்டை மாட்டினால் உப்புத்தாள் தேய்க்கலாம். துளைக்கும் சக்கை மாட்டினால் கிடைமட்டமாகத் துளைக்கலாம். குழாய்களை அப்படியே நிமிர்த்தி நிறுத்தினால் மேலிருந்து கீழாகவும் துளைக்கலாம். நம் தெரஸ் வீட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு ஏற்ற யோசனைதானே?

ஆனால் ஒரே இயந்திரம் ஐந்தாக மாற வேண்டுமென்றால் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பாகங்கள் வேண்டும். அவைதான் பிஸ்கட் டின்னில் குவிந்து கிடந்தன.

முதல் சனிக்கிழமை நானே அவற்றை அடையாளம் காண உட்கார்ந்தேன். கையேட்டை அச்செடுத்து வைத்துக்கொண்டு, படத்தில் இருப்பது போல் இருப்பதைத் தேடினேன். மதியத்துக்குள் தலை சுற்றியது. படத்தில் எல்லா வளையமும் ஒன்றுபோல் இருந்தது. எந்த அளவு வளையம் எங்கே போகும் என்று பார்வையால் சொல்ல முடியவில்லை.

மாலை தேநீர்க் குவளையோடு அப்பா வெளியே வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"உருவத்தைப் பாத்தா தெரியாது, பாப்பா. தேய்ஞ்ச இடத்தைப் பாரு."

எனக்கு வயது 33. அவருக்கு இன்னமும் பாப்பாதான்.

ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "இரும்பு எங்க பளபளன்னு இருக்கோ, அங்க இன்னொரு இரும்பு உரசியிருக்கு. அந்த இன்னொண்ண தேடு. ரெண்டும் சேந்துச்சுன்னா அதான் அதோட இடம்."

குவளையைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஐந்து வார இறுதிகள் அங்கேயே கழிந்தன.

முதலில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பழைய செய்தித்தாளில் பரப்பினோம். பிறகு எது எதைத் தொடுகிறது என்று பிரித்தோம். தண்டில் மாட்டுவது ஒரு குவியல். குழாய்களிலும் மேசையிலும் பொருந்துவது ஒன்று. மோட்டார்த் தலையின் மறுபக்கம் இரண்டு சிறு தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். பட்டை ரம்பம், இழைப்பு இயந்திரம் போன்ற தனி உறுப்புகளை அங்கே இணைப்பார்கள். அதற்கான இணைப்புத் துண்டுகள் ஒரு குவியல். இந்த இயந்திரத்துக்கே சம்பந்தமில்லாதது கடைசிக் குவியல். அதில் வேறு துரப்பணத்தின் சாவி, யாருடையதோ ஸ்பேனர்கள், ஒரு சைக்கிள் பெடல்கூட இருந்தது. 57-ல் 16 நம்முடையவை அல்ல.

அடுத்து அளவு. இங்கேதான் என் வெர்னியருக்கு வேலை வந்தது. இந்த இயந்திரத்தின் தண்டு 5/8 அங்குலம், அதாவது 15.88 மில்லிமீட்டர். தண்டின் ஒரு பக்கம் சற்றே செதுக்கப்பட்டிருக்கும். மாட்டும் பாகத்திலுள்ள சிறு திருகு அந்தப் பள்ளத்தில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். டின்னில் இருந்த ஒரு தேய்ப்புத் தட்டும் தண்டில் அழகாக ஏறியது. அளந்தால் அதன் துளை 16 மில்லிமீட்டர். வேறு ஏதோ இயந்திரத்தின் தட்டு. இடைவெளி ஒரு தலைமுடி அளவுதான். கையால் சுற்றினால் தெரியாது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் சுற்றும்போது தெரியும். அதுவும் பதினாறோடு சேர்ந்தது.

ரம்பத்தின் சக்கரத்தில் கதை இன்னும் மோசம். ஷாப்ஸ்மித்தின் சொந்தச் சக்கரங்களுக்கு நடுத்துளை 1¼ அங்குலம், 31.75 மில்லிமீட்டர். நம் கடைகளில் கிடைக்கும் 10 அங்குலச் சக்கரங்கள் பெரும்பாலும் 25.4 அல்லது 30. எங்கள் டின்னில் இருந்த சக்கரத்தின் துளை 32. முன்பு வைத்திருந்தவர் குளிர்பான டின்னை வெட்டி, அந்தத் தகட்டைச் சுற்றி இடைவெளியை அடைத்திருந்தார். அப்பா அந்தத் தகட்டை உரித்தெடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது மாட்டற சாமான் இல்ல. குப்பை."

நான் தவறாகக் குப்பையில் போட்டதும் உண்டு. 10 அங்குல இரும்புத் தட்டு, பல் கிடையாது, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சரிந்திருந்தது. கீழே விழுந்து வளைந்துவிட்டது என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். அப்பா அதைத் திரும்ப எடுத்தார். இரும்பு அளவுகோலை நடுவிலிருந்து விளிம்பு வரை வைத்தார். வெளிச்சம் புகவில்லை. தட்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடி வைத்தார். எட்டு இடத்தில் இப்படிப் பார்த்தார்.

"வளைஞ்ச தட்டு ஒரு பக்கமாத்தான் வளையும். இது சுத்தி வர ஒரே சாய்வு. யாரோ யோசிச்சுதான் செஞ்சிருக்கான்."

கையேட்டைப் புரட்டினேன். இருந்தது. 4 பாகை சரிவுள்ள கூம்புத் தட்டு. உப்புத்தாளை ஒட்டி, மேசையையும் அதே 4 பாகைக்குச் சாய்த்துக்கொண்டால், பலகையின் விளிம்பு தட்டை ஒரே கோட்டில் மட்டும் தொடும். நேராகத் தள்ளிக்கொண்டே போகலாம். தட்டையான தட்டில் வரும் வளைந்த கீறல்கள் இதில் குறைவு. உளி தீட்டவும் உதவும். நான் தூக்கிப் போட இருந்தது இந்த இயந்திரத்தின் மிக அருமையான உறுப்புகளில் ஒன்று.

மின்சாரத்தில் என் முறை வந்தது. மோட்டாரின் பெயர்த் தகட்டைத் துடைத்துப் படித்தேன். 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 3450 சுற்று. நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கூடவே ஒரு கனமான மின்மாற்றி வந்திருந்தது. "அதான் இருக்கே, மாட்டு" என்றார் அப்பா. மின்மாற்றி வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது என்று விளக்கினேன். 60-க்குச் செய்த மோட்டாரை 50-ல் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், 2875 சுற்றில்தான் ஓடும். வேகம் குறைவது பெரிய விஷயமில்லை. ஆனால் அதே 115 வோல்ட்டில் அது கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். நாளடைவில் சுருள் கருகும்.

அப்பா கவனமாகக் கேட்டார். "அப்ப முன்ன வச்சிருந்தவன் கருக்கிக்கிட்டேதான் ஓட்டியிருக்கான்" என்றார். மோட்டாரைக் கழற்றி, மோட்டார் சுற்றிக் கொடுக்கும் கடையில் நம் மின்சாரத்துக்கு ஏற்றபடி புதிதாகச் சுற்றி வாங்கினோம். வேகம் காட்டும் வட்டில் 5200 என்று எழுதியிருந்தால் உண்மையில் சுமார் 4300 என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் ஒட்டினேன். அந்த வட்டை மோட்டார் ஓடும்போது மட்டுமே திருப்ப வேண்டும் என்ற எச்சரிக்கையையும் பெரிய எழுத்தில் சேர்த்தேன். நிறுத்தி வைத்துத் திருப்பினால் உள்ளே இருக்கும் வேக மாற்று அமைப்பு பழுதாகும்.

இத்தனையையும் கணினியில் ஒரு பட்டியலாக்கினேன். பாகத்தின் பெயர், அளவு, எங்கே பொருந்தும், நிலை. 41 வரிகள். பெருமையோடு அப்பாவிடம் காட்டினேன்.

கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "நல்லாருக்கு. இல்லாததுக்கு ஒரு பத்தி எங்க?"

திகைத்துவிட்டேன். தினமும் தொழிற்சாலையில் நான் மற்றவர்களிடம் கேட்கும் கேள்வி அது. டின்னில் இருந்ததை டின்னோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேனே தவிர, வரைபடத்தோடு ஒப்பிடவில்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் ஒவ்வொரு பாகமும் பிரிந்து நிற்கும் அந்த வரைபடத்தை என்னைவிட வேகமாகப் படித்தார். விரலை வைத்துக்கொண்டே போனார். இது இருக்கு. இது இருக்கு. இது இருக்கு. ஓரிடத்தில் விரல் நின்றது.

ரம்பத்தின் பகுதி. மேசைக்குக் கீழே சக்கரத்தை மூடும் உறை எங்களிடம் இருந்தது. அதை எழுந்து போய் எடுத்து வந்தார். அதன் பின்பக்கத்தில் சிறிது இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. ஏதோ ஒன்று அங்கே வருடக்கணக்கில் பூட்டப்பட்டிருந்து, பிறகு கழற்றப்பட்டிருக்கிறது. திருகுத் துளை காலியாக இருந்தது.

வரைபடத்தில் அந்த இடத்திலிருந்து மேலே எழும்புவது மேல் தடுப்பு. சக்கரத்துக்கு மேலே ஒரு மூடி. சக்கரத்துக்குப் பின்னால் அதைத் தாங்கி நிற்கும் மெல்லிய தகடு. அந்தத் தகடு சின்னதுதான், ஆனால் உயிர்காக்கும். பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது, அறுபட்ட பிளவு சில சமயம் மறுபடி நெருங்கிச் சக்கரத்தின் பின்பக்கத்தைக் கவ்வும். பின்பக்கத்துப் பற்கள் மேல்நோக்கி எழுபவை. அவை பலகையைத் தூக்கி, ஆள் நிற்கும் பக்கம் வீசும். பிளவு மூடாமல் பார்த்துக்கொள்வது அந்தத் தகட்டின் வேலை.

"இது இல்லாம ரம்பத்தைத் தொடக் கூடாது" என்றார் அப்பா.

"மெதுவா அறுத்தா…"

"தொடக் கூடாதுன்னு சொன்னேன்."

அந்தக் குரலை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பிறகு கொஞ்ச நேரம் அந்தப் பளபளத்த இடத்தைத் தன் இடது கையால் தடவிக்கொண்டே இருந்தார். அந்தக் கையின் ஆட்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. வேன் கதவில் நசுங்கியது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. முப்பது வருடமாக நானும் அதைத்தான் நம்பியிருந்தேன்.

"பலகையில பள்ளம் வெட்டணும்னா தடுப்பைக் கழட்டித்தான் ஆகணும்" என்று ஆரம்பித்தார். "பலகை முழுசா அறுபடாதுல்ல, தகடு இடிக்கும். அன்னிக்குக் கழட்டுனேன். பள்ளம் வெட்டி முடிச்சேன். திரும்ப மாட்டணும். அடுத்தது ஒரே ஒரு பலகைதானே, நீளமா ஒரு அறுப்பு, முடிச்சிட்டு மாட்டிக்கலாம்னு நெனச்சேன்."

அதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"உனக்கு அப்ப மூணு வயசு. கட்டோட வீட்டுக்கு வந்தேன், நீ விரலைப் புடிச்சுக்கிட்டு அழுத. அதான் கதவுன்னு சொன்னோம்."

பெண்கள் வரும் இடம் இல்லை என்று அவர் சொன்னதற்கு நான் எத்தனையோ அர்த்தம் வைத்திருந்தேன். பெண்ணால் முடியாது என்று நினைக்கிறார், பழைய ஆள் என்று உள்ளுக்குள் கோபப்பட்டிருக்கிறேன். அது அச்சம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் செய்தது சரி என்று இப்போதும் சொல்ல மாட்டேன். காரணத்தை அன்றே சொல்லியிருந்தால், உளி பிடிக்க முன்பே கற்றிருப்பேன். ஆனால் கோபம் அன்று மாலையோடு போய்விட்டது.

பட்டியலில் புதிய பத்தியைச் சேர்த்தேன். அதில் முதல் வரி, மேல் தடுப்பு.

அமெரிக்காவில் பழைய உதிரிபாகம் விற்கும் ஒருவரிடம் கேட்டோம். அவர் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. மேசை சிறியதா, பெரியதா? மார்க் 5-ல் 500 என்ற மாடலுக்கும் 510 என்ற மாடலுக்கும் மேசை வேறு. பலகையை நேராக நகர்த்த உதவும் சட்டம்கூட ஒன்றினுடையது மற்றதில் சேராது. எங்களுடையது சிறிய மேசை, 500. கீழ் உறையின் அந்தத் தேய்ந்த இடத்தை அளவுகோலோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பினேன். அந்தப் படத்தைப் பார்த்ததும் எந்தத் தடுப்பு என்று சொல்லிவிட்டார். தபாலில் வர ஏழு வாரம் ஆனது.

அந்த ஏழு வாரமும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. ரம்பம் இல்லாமல் மீதி நான்கு வேலையும் நடந்தன. பழைய நாற்காலிக் கால் ஒன்றைக் கடைசல் பிடிக்க அப்பா சொல்லிக்கொடுத்தார். உளியை எந்தக் கோணத்தில் வைப்பது, தாங்கியை எவ்வளவு நெருக்கமாக வைப்பது, சட்டைக் கையை எப்படி மடித்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாக. என் முதல் பூரிக்கட்டை நடுவில் கொஞ்சம் ஒல்லியாகிவிட்டது. அம்மா அதில்தான் இப்போது சப்பாத்தி தேய்க்கிறார். பழைய இரும்பு என்ற பேச்சு அதோடு நின்றுவிட்டது.

பழைய இயந்திரம் வாங்க நினைக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பணம் கொடுப்பதற்கு முன் மோட்டாரின் பெயர்த் தகட்டைப் படியுங்கள். தண்டை அளந்து பாருங்கள். ஏறிவிட்டது என்பதற்காகப் பொருந்திவிட்டது என்று எண்ணாதீர்கள். கையேட்டின் வரைபடத்தோடு போய், இருப்பதை அல்ல, இல்லாததை முதலில் எழுதுங்கள். பெரும்பாலும் காணாமல் போயிருப்பது தடுப்பாகத்தான் இருக்கும். வேலைக்கு இடைஞ்சல் என்று முதலில் கழற்றப்படுவது அதுதான். அது இல்லாமலும் இயந்திரம் ஓடும் என்பதால் யாரும் தேடுவதும் இல்லை.

பொட்டலம் வந்த அன்று அப்பா பசியாறக்கூட இல்லை. தடுப்பைக் கீழ் உறையின் அந்தப் பளபளத்த இடத்தில் வைத்தார். புதிதாக வந்ததன் அடியிலும் அதே வடிவத்தில் ஒரு தேய்ந்த தடம். இரண்டும் ஓசையில்லாமல் சேர்ந்தன. திருகை இறுக்கி, சரியான துளை அளவுள்ள புதுச் சக்கரத்தைக் கையால் மூன்று முறை சுற்றிப் பார்த்தார். தகடும் சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று மூலமட்டத்தை வைத்துச் சரிபார்த்தார்.

பிறகு இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, தள்ளும் கட்டையை என்னிடம் கொடுத்தார்.

"நீ அறு."

ஒரு ரப்பர் மரப் பலகையை நீளவாக்கில் அறுத்தேன். மோட்டார் நின்று, சக்கரம் முழுவதும் ஓயும் வரை இருவரும் அசையவில்லை. அப்பா பலகையைத் தூக்கி, அறுத்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"ம். இப்பத்தான் செமுவா அடா."